ஆறாம் எண்

புதன் இரவு பதினொன்றேகால்.
கறுப்புத் திரையில் ஒற்றை வரி:
அப்படியொரு பார்ட்டிஷன் இல்லை.
அதன் கீழே கிரப் ரெஸ்க்யூ என்று போட்டு
பக்கத்தில் ஒரு சின்னக் கோடு
சிமிட்டிக்கொண்டிருக்கிறது.

நாயிஃப் பின்தெருவில்
இதைச் சத்தமாக வாசிக்கக் கூடாது.
திங்கட்கிழமைதான் முனிசிபாலிட்டி வந்தது.
மூன்றாம் மாடி ஹாலில் எங்களுடைய
ஏழு ஜிப்சம் அறைகளையும்
பிரிக்கச் சொல்லி, நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.
வெள்ளைத் தூள்
இன்னும் கீபோர்டின் சந்துகளில்.

அதனாலோ என்று ஊதினேன்.
பேட்டரியைக் கழற்றி மாட்டினேன்.
பயாஸுக்குள் போய்
பூட் வரிசையை மேலும் கீழுமாக மாற்றினேன்.
செக்யூர் பூட்டை அணை என்றது போன்.
ரோலாவில் நானூறு திர்ஹத்துக்கு வாங்கிய
இந்தக் கிழட்டு மெஷினில்
அணைக்க அப்படி ஒன்று இல்லவே இல்லை.

பக்கத்துப் படுக்கை தாஹிர், ஃபைசலாபாத்,
எட்டிப் பார்த்து எழுத்துக்கூட்டினான்.
"பார்ட்டிஷன் இல்லையா?
அப்போ உனக்கும் எனக்கும் ஒரே பாஸ்போர்ட்."
சிரித்துவிட்டுக் குப்புறப் படுத்துக்கொண்டான்.

தவறு என்னுடையது.
விண்டோஸுக்கு மூச்சு வாங்குகிறதென்று
ரம்ஜான் லீவில் லினக்ஸ் போட்டேன்.
ஒரு பென்டிரைவ், ஒரு வீடியோ, இரண்டு கரக் டீ.
நன்றாகத்தான் ஓடியது.
நேற்று இடம் போதவில்லையென்று
ஐந்தாம் எண்ணை அழித்தேன், பழைய டி டிரைவை.
அழித்ததும் ஆறு
தானே ஐந்தாகிவிட்டது.
கதவு திறக்கிறவனுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை.
அவன் இன்னும் ஆறைத் தேடுகிறான்.

ஹாலிலும் அதே கதை.
பலகைகள் போனதும் சம்சுகனி அண்ணன்
கயிறு கட்டி பெட்ஷீட்டுகளைத் தொங்கவிட்டார்.
ஐந்தில் இருந்த ரத்தினசபாபதி
அன்றைக்கே அஜ்மானுக்கு வண்டி ஏறிவிட்டான்.
அவன் இடம் நடுவில் எண்ணில்லாமல் கிடக்க,
ஆறாக இருந்த நான் ஐந்து.
கஃப்டீரியா பையன் பரோட்டாவோடு
ஆறு, ஆறு என்று கூப்பிட்டபடி
என் தலைமாட்டைத் தாண்டிப் போகிறான்.

போனைப் பார்த்துப் பார்த்துத் தட்டுகிறேன்.
எல், எஸ், என்டர்.
இருக்கிறவை வரிசையில் வந்து நின்றன.
ஒவ்வொன்றாகக் கதவைத் தட்டினேன்.
ஒன்று: தெரியாத ஃபைல் சிஸ்டம்.
இரண்டு: தெரியாத ஃபைல் சிஸ்டம்.
ஐந்து என்று அடித்து, மறக்காமல்
கடைசியில் ஒரு சாய்கோடு
(அதை மறந்துதான் முக்கால் மணி நேரம் போயிற்று).
பூட். ஈடிசி. ஹோம். வார்.
என் சாமான்கள் எல்லாம்
வைத்த இடத்தில் வைத்தபடி.

இனி ப்ரிஃபிக்ஸ் ஐந்து.
இன்ஸ்மாட் நார்மல், என்டர்.
நார்மல், என்டர்.
இரண்டு தரம் கெஞ்சினால்தான்
நார்மலுக்கு வருகிறது.
ஒன்று நாற்பதுக்கு ஊதா மெனு.
தாஹிரை எழுப்பிக் காட்டலாமா என்றிருந்தது.
கிரப்பைப் புதிதாக நிறுவி,
ஒருமுறை அணைத்து, ஒருமுறை போட்டு,
மூடப் போகையில்

போன். ரத்தினசபாபதி.
"தூங்கலியே? காலையில ஒரு இன்டர்வியூ, அல் கூஸ்ல.
என் பயோடேட்டா, டிப்ளமா ஸ்கேன்
எல்லாம் உன் டி டிரைவுலதானே போட்டு வச்சேன்?
அனுப்பி விடுறியா?"

அனுப்புகிறேன் என்றேன்.
வாயில் வேறெதுவும் வரவில்லை.

தேடியதில் ஒரு ஆறுதல்:
அழிந்தது எண் மட்டும்தான்.
உள்ளே இருந்தது அங்கேயேதான் இருக்கும்,
அதன் மேல் வேறெதையும்
எழுதாத வரைக்கும்.
டெஸ்ட்டிஸ்க் துழாவுகிறது. நான்கு சதவீதம்.

திரை வெளிச்சம் பெட்ஷீட்டுக்குக் கீழே நுழைந்து
பக்கத்துத் தரையில் விழுகிறது.
ரத்தினத்தின் கட்டில் நின்ற இடம்
மூன்றடிக்கு ஆறடி,
சுற்றிலும் ஜிப்சம் தூள், நடுவில் சுத்தம்.
சனிக்கிழமை புது ஆள் வருகிறாராம்.
அதற்குள் தரையைத் துடைத்துவிடு என்றார் அண்ணன்.

நாளைக்குத் துடைக்கிறேன் என்று
இன்றும் சொல்லியிருக்கிறேன்.